பொறுக்கிய அரிசி

காலை எட்டு மணிக்குத் துக்கப் பிரிவு மாணவர்கள் பதினோரு பேரும் வாசிப்பறையில் வந்து உட்கார்ந்தாக வேண்டும். வீட்டில் சாவு விழுந்தவர்களுக்குக் கல்லூரியே ஒரு நிழல்நூல் தரும். படிப்பவரின் வயது, ஊர், குரல், கண் ஓடும் விதம் எல்லாவற்றையும் வைத்து இயந்திரம் எழுதும் நாவல் அது. கடைசிப் பக்கத்தில் ‘இது நான்தான்’ என்று ஒரு பொத்தான். அழுத்தியவர்களிடம் நூல் மறுபடி எதுவும் கேட்காது. அழுத்தாதவர்கள் மனம் ஆறாதவர்கள்; தேர்வு எழுத முடியாது.

மாரிக்கனி ஐந்து வாரமாக அழுத்தவில்லை. அவள் நூலில் அவள் பெயரே கொண்ட ஒருத்தி, ஜன்னலில் சாய்ந்து, மழையைப் பார்த்தபடி அப்பாவுக்காக அழுதாள். அந்த அப்பா தினமும் கதை சொல்லித் தூங்கவைப்பவராம். உப்பளத்தில் மூட்டை தூக்கிவிட்டு வந்தவருக்குக் கதை சொல்லத் தெம்பு எங்கே இருந்தது? வந்ததும் சோறு கேட்பார், வைவார், கட்டையைப் போலச் சாய்வார்.

‘எந்த இடத்தில் பொருந்தவில்லை?’ என்று நூல் தினமும் கேட்டது. நேற்று எரிச்சலில் சொல்லித் தொலைத்தாள். காலேஜுக்குப் போயே தீருவேன் என்று அவள் நின்ற அன்று, அப்பா அரிசிப் பானையை எத்திவிட்டார். பிறகு அவரே குத்தவைத்து உட்கார்ந்து, சிந்திய அரிசியை ஒரு மணி நேரம் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

இன்று பக்கத்து நாற்காலியில் வர்ஷிதா விம்மினாள். டாக்டர் வீட்டுப் பெண். அவளுக்கும் அப்பா இறந்து மூன்று மாதம்.

“எங்க அப்பா அரிசி பொறுக்குவார், மாரி. ஒவ்வொரு மணியா. எனக்கு மறந்தே போச்சு.”

மாரிக்கனி அவளுடைய வாசிப்புப் பலகையை வெடுக்கென்று வாங்கிப் பார்த்தாள். அதே தரை, அதே குனிந்த முதுகு. ஐந்து வாரம் தன் நூலில் தேடியும் கிடைக்காத மாரிக்கனி, வேறொருத்தியின் நாவலில் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பானையைத் தட்டிவிட்டது மட்டும் பூனையாம்.

“உங்க வீட்ல சமையலுக்கே ஆள் உண்டுல்லா? உங்க அப்பா எதுக்குட்டி அரிசி பொறுக்குதாரு?”

“தெரியல. ஆனா நல்லா ஞாபகம் இருக்கே.”

“அது எங்க அப்பா. நேத்து நான் சொன்னது.”

வர்ஷிதா அவளையே பார்த்தாள். “அப்போ எங்க அப்பா என்ன பண்ணுவார்?”

உண்மையாகத்தான் கேட்டாள். கத்த வாயெடுத்த மாரிக்கனிக்குக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

மாரிக்கனியின் பலகை ஒளிர்ந்தது. ‘நெகிழ்ச்சியான நினைவு. அப்பாவைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்.’

இன்னும் ஒன்று இருந்தது. கடைசி மணியைப் பானையில் போட்டுவிட்டு, தலை நிமிராமலே அப்பா அவளை ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டார். அதற்கு முன் ஒருநாளும் கூப்பிடாத பேர். மறுநாள் அவரே வந்து பஸ் ஏற்றிவிட்டார்.

மாரிக்கனி பக்கங்களை மளமளவென்று தள்ளினாள். ஜன்னல், மழை, அழுகிற அந்த மகராசி. ‘இது நான்தான்’ என்பதை அழுத்தினாள். பலகை வாழ்த்துச் சொல்லி அணைந்தது.

“பொருந்திடுச்சா?” என்றாள் வர்ஷிதா.

“பரீட்சை எழுதணும்லா.”

“உன் உதடு அசைஞ்சுதே. அப்பாவைப் பத்தி என்னமோ சொல்ல வந்த.”

மாரிக்கனி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“சொன்னா உன் புஸ்தகத்துல வந்துரும்” என்றாள்.