மொன்ஃபெராக்கில் ஐந்து மணி

வெள்ளிக்கிழமை காலை ஸிதோனி மாடிப்படி ஏறி வந்தபோது, எவரிஸ்ட் தன் மூன்றாவது காப்பியில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருஷம் கஹோர் வட்டாரத்துக் கிராமங்களுக்குத் தபால் சுமந்து ஓய்ந்தவர். ஓய்வு பெற்ற மறுவாரமே, "வீட்ல உக்காந்தா செத்துப் போயிடுவேன்" என்று சொல்லிக்கொண்டு, துப்பறியும் ஓர்தான்ஸ் கஸாலின் அலுவலகத்தில் வந்து ஒட்டிக்கொண்டார். ஓர்தான்ஸுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. பேச்சோ பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால்தான் இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

ஸிதோனியை அவருக்கு நன்றாகவே தெரியும். மொன்ஃபெராக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டி. பல்லாங்குழிச் சோழி போலக் கலகலவென்று பேசுகிற பெண், அன்று கதவருகில் வாயடைத்து நின்றாள்.

"என்னம்மா இது, பேயறைஞ்ச மாதிரி நிக்குற? உக்காரு முதல்ல."

"என்னைத் திருடிங்கிறாங்க மாமா" என்றாள். அழுகை வந்துவிட்டது.

அவள் சொன்னதைக் கோத்துப் பார்த்தால் விஷயம் இதுதான். கோட்டை நூலகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு பிரார்த்தனைப் புத்தகம், ஐந்நூறு வருஷத்துப் பொன் ஓவியங்களோடு. செவ்வாய்க்கிழமை மாலை நாலரைக்குச் சுற்றுலாக் கூட்டம் அதைப் பார்த்துவிட்டு வெளியேறியது. நாலே முக்காலுக்குக் கோட்டைக்குச் சொந்தக்காரியான சீமாட்டி பார்த்தபோதும் புத்தகம் இருந்தது. ஐந்தே காலுக்குப் பெட்டி காலி. பூட்டில் ஒரு கீறல் இல்லை. யாரோ சாவி போட்டுத் திறந்து, சாவி போட்டுப் பூட்டியிருந்தார்கள்.

"சாவி எத்தனை?" என்று கேட்டாள் ஓர்தான்ஸ்.

"ரெண்டு. ஒண்ணு சீமாட்டி அம்மா கழுத்துலயே தொங்கும். இன்னொண்ணு என்னுது. கூட்டம் போனதும் வாசல் அறையில ஆணியில மாட்டிட்டுத்தான் மத்த வேலையப் பாப்பேன். அது வழிகாட்டிங்களுக்கும் பஸ்காரங்களுக்கும் தெரியும்."

"திருட்டு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"புதன் காலை பத்து மணிக்கு. செவ்வாய் ராத்திரி பூரா அம்மா தானே தேடியிருக்காங்க. வெளிய சொன்னா மானம் போயிடும்னு யார்கிட்டயும் மூச்சு விடல. இப்ப ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் கெடு. அதுக்குள்ள புத்தகம் வரலேன்னா போலீஸ்ல என் பேரக் குடுத்துடுவாங்களாம். அப்படி ஒரு பேரு வந்துட்டா இந்த வட்டாரத்துல எந்தக் கோட்டை வாசல்லயும் என்னை நிக்க விடமாட்டாங்க மேடம். எனக்கு வேற தொழில் தெரியாது."

"அஞ்சு மணிக்கு எங்க இருந்தீங்க?"

ஸிதோனி தன் விரலில் இருந்த மோதிரத்தைத் திருகினாள். "கஸ்பார்கூட. சுத்துலா பஸ் ஓட்டுறான்ல, அவன். செப்டம்பர்ல எங்களுக்குக் கல்யாணம். கூட்டம் ஒத்தையடிப் பாதையில நடந்து கிராமத்துக்கு இறங்கும். அவன் காலி பஸ்ஸ ரோட்டு வழியா கீழ கொண்டுபோவான். சாவிய மாட்டிட்டு நாலரைக்கே நானும் ஏறிக்கிட்டேன். ஆத்தங்கரையில பழைய துணி துவைக்கிற மண்டபத்துல உக்காந்திருந்தோம். கோயில் மணி அடிச்சுது. பேச்சு சுவாரசியத்துல முதல் தடவை எண்ணல. ரெண்டு நிமிஷம் கழிச்சு மறுபடி அடிச்சப்ப கஸ்பார் சத்தமா எண்ணினான். அஞ்சு."

எவரிஸ்ட் தொடையில் தட்டினார். "பின்ன என்ன! அந்தக் கோயில் மணி ஒவ்வொரு தரமும் மறுபடி அடிக்கிறதே அதுக்குத்தானே! வயல்ல குனிஞ்சு நிக்கிறவன் முதல்ல எண்ணத் தவறினா ரெண்டாவதுல பிடிச்சுக்கலாம். அஞ்சு மணிக்கு நீ ஆத்தங்கரையில இருந்தா, அஞ்சே காலுக்குள்ள மலையேறித் திருட உனக்கு என்ன றெக்கையா முளைச்சிருக்கு?"

"கட்டிக்கப் போறவன் சாட்சி ஒரு சாட்சியான்னு அம்மா சிரிக்கிறாங்க மாமா."

ஓர்தான்ஸ் சிரிக்கவில்லை. ஸிதோனி அந்தக் கதையைச் சொல்லும்போது தரையைப் பார்த்தே சொன்னாள் என்பதை எவரிஸ்டும் கவனித்தார். பாவம், வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் பதினொரு மணிக்கு இருவரும் மொன்ஃபெராக்கில் கோயிலை ஒட்டிய லுஸெட்டின் சத்திரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேலே மணி பதினொரு தடவை அடித்து ஓய்ந்தது. லுஸெட் அசையவில்லை, இடுப்பில் கை வைத்து நின்றாள். சிறிது பொறுத்து மணி மறுபடியும் அடிக்கத் தொடங்க, அவள் உள்ளே ஓடி அடுப்பைத் திறந்து அக்ரூட் கேக்கை வெளியே இழுத்தாள்.

"முதல் அடிக்குத் தணலைக் குறைக்கணும். ரெண்டாவது அடிக்கு வெளிய எடுக்கணும். எங்க அம்மா காலத்துலேர்ந்து இதான் எனக்குக் கடிகாரம்" என்றாள் பெருமையோடு, இருவருக்கும் ஒவ்வொரு துண்டு வெட்டி வைத்தபடி.

"கடிகாரம் எப்பவும் காலை வாராதா?" என்று சீண்டினார் எவரிஸ்ட்.

"அதை ஏன் கேக்குற! செவ்வாய்க்கிழமை சாயந்திரம் சுத்துலாக்காரங்க முன்னாடி என் மானத்தை வாங்கிடுச்சு. அஞ்சு மணி அடிச்சுது, தணலைக் குறைச்சேன். ரெண்டாவதுக்குக் காத்துக்கிட்டே நிக்கிறேன், வரவே இல்ல. கேக்கு கரிக்கட்டை! அப்புறம்தான் சொல்றானுங்க, மணி ரிப்பேர்காரன் வந்திருந்தானாம், செவ்வாய் மத்தியானத்துலேர்ந்து புதன் காலை வரைக்கும் ஒரு தடவைதான் அடிச்சுதாம், மறுபடி கிடையாதாம். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்ன?"

எவரிஸ்டின் கையில் இருந்த முள்கரண்டி பாதி வழியில் நின்றது. ஓர்தான்ஸ் மட்டும் கேக்கை ஒரு வாய் மென்று விழுங்கிவிட்டுக் கேட்டாள்.

"கருகினதும் என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணுவேன்? வாசலுக்கு வந்து கோபுரத்தைப் பாத்து நல்லா நாலு வார்த்தை திட்டினேன். மேல கோட்டையில ஸிதோனி பொண்ணு வழக்கம்போல ஜன்னல் கதவுங்களை ஒண்ணொண்ணா சாத்திக்கிட்டிருந்தா. மேற்குக் கோபுரத்துல மட்டும் இருபத்தாறு ஜன்னல், பாவம். அவ தலையில கட்டுற சிவப்புத் துணி இங்கேர்ந்தே தெரியும். அவளுக்காவது வேலை ஒழுங்கா நடக்குதேன்னு பொறாமைப்பட்டேன்."

ஓர்தான்ஸ் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் மணி விஷயத்தை உறுதி செய்துகொண்டு வந்தாள். ரிப்பேர்காரரின் சீட்டு அப்படியே சொன்னது. கோட்டைக்கு ஏறும் பாதையில் எவரிஸ்டுக்கு மூச்சு வாங்கியது; மனசு அதைவிடக் கனத்தது.

"அந்தப் பொண்ணு நம்மகிட்டயே பொய் சொல்லியிருக்கா. அடிக்காத மணிய எண்ணியிருக்கா! நான் தொடையில வேற தட்டினேன், முட்டாள்."

"நீங்க தட்டினது சரிதான் எவரிஸ்ட். இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவங்களுக்குத்தான் இப்படிப் பொய் சொல்ல வரும். வெளியூர்க்காரன் அஞ்சு மணி அடிச்சுதுன்னு சொல்லிட்டுப் போயிருப்பான், நம்மளால ஒண்ணும் பிடிச்சிருக்க முடியாது. எனக்குப் புரியாதது வேற. அவ ஜன்னல் சாத்தினதை ஊரே பாத்திருக்கு. நூலகம் கிழக்குப் பக்கம். உண்மையச் சொன்னாலே தப்பிச்சிருப்பா. அதை விட்டுட்டு எதுக்கு ஒரு பொய்யைக் கட்டிக்கிட்டு அழுவுறா?"

எவரிஸ்ட் தலையைக் குனிந்துகொண்டு ஏறினார். அவருக்கு அதைத் தெரிந்துகொள்ளவே பிடிக்கவில்லை.

மூன்று மணிக்கு நூலகத்தில் எல்லாரும் கூடினார்கள். காலிப் பெட்டியருகே சீமாட்டி, முதுகு வளையாமல். எதிரே ஸிதோனி. அவள் நாற்காலியின் முதுகில் கை வைத்தபடி கஸ்பார். நல்ல உயரம், சிரித்த முகம். எதற்கு வரச் சொன்னார்கள் என்று தெரியாமல் மாவு படிந்த முன்துணியோடு லுஸெட். கீழே முற்றத்தில் அன்றைய சுற்றுலாக் கூட்டம் பொறுமையிழந்து சளசளத்துக்கொண்டிருந்தது.

"செவ்வாய்க்கிழமை கதையை இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள் ஓர்தான்ஸ்.

கஸ்பார் தயங்கவில்லை. மண்டபம், ஆறு, முதல் மணி, இரண்டாவது மணி, விரல்விட்டு எண்ணியது என்று அழகாகச் சொன்னான். லுஸெட்டின் வாய் மெதுவாகத் திறந்தது.

"ஏம்பா, செவ்வாய்க்கிழமை ரெண்டாவது மணி ஏது? என் கேக்கு கருகினதே அதனாலதானே!"

ஓர்தான்ஸ் ரிப்பேர்காரரின் சீட்டை மேஜைமேல் வைத்தாள். "அஞ்சு மணிக்கு நீங்க ஆத்தங்கரையில உக்காந்து மணிய எண்ணவே இல்ல. வழக்கமா அடிக்கும்ங்கிற நெனப்புல சொல்லிட்டீங்க."

கஸ்பார் சீட்டைப் பார்த்தான், ஸிதோனியைப் பார்த்தான், பெருமூச்சு விட்டான். "சரி, பொய்தான். மறைச்சு என்ன ஆகப்போகுது. இவளைக் காப்பாத்தத்தான் சொன்னேன். மாட்டிக்கப் போறாளேன்னு மனசு கேக்கல."

"நான் அன்னைக்கே சொன்னேனே!" என்றார் சீமாட்டி.

ஸிதோனி சட்டென்று தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். எவரிஸ்ட் அவள் நாற்காலிமேல் இருந்த கஸ்பாரின் கையையே பார்த்தார். அந்தக் கையைத் தட்டிவிடடி என்று கத்தத் தோன்றியது.

"கொஞ்சம் பொறுங்க அம்மா" என்று சீமாட்டியிடம் சொன்னாள் ஓர்தான்ஸ். "லுஸெட், அஞ்சு மணிக்கு ஸிதோனி எங்க இருந்தாங்க?"

"மேற்குக் கோபுரத்துல! அஞ்சரை வரைக்கும் அந்த ஜன்னல்களோட மல்லுக்கட்டிக்கிட்டிருந்தா. நான் மட்டுமா பாத்தேன், எதிர் ரொட்டிக்கடைக்காரன் நாலரை மணிலேர்ந்தே பாத்தானாம்."

"அப்ப இவங்க சாவி வாசல் அறையில ஆணியில தொங்கியிருக்கு. நூலகப் பக்கம் இவங்க வரவே இல்ல. இவங்களுக்குப் பொய்ச் சாட்சியே தேவைப்படல. அந்தப் பொய் தேவைப்பட்டது வேற ஒருத்தருக்கு. ஆத்தங்கரையில தான் இருந்ததா சொல்ல, கூட ஒரு ஆள் வேணும்னு இருந்தவருக்கு."

"சும்மா வாய்க்கு வந்தபடி பேசாதீங்க!" கஸ்பாரின் சிரிப்பு இப்போது ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தது. "இவமேல பழி வந்துச்சு, அதனால சொன்னேன். எந்த ஆம்பளையும் செய்யறதுதானே?"

"இருக்கலாம்." ஓர்தான்ஸ் அவனை விட்டுவிட்டு ஸிதோனியின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஒரே ஒரு கேள்விதான். புதன் காலை பத்து மணி வரைக்கும் திருட்டு நடந்தது சீமாட்டியைத் தவிர யாருக்கும் தெரியாது. இந்த ஆத்தங்கரைக் கதையை இவர் உங்ககிட்ட முதல்ல எப்பச் சொன்னார்?"

ஸிதோனி கஸ்பாரை நிமிர்ந்து பார்த்தாள்.

"புதன் மத்தியானம்" என்றான் கஸ்பார், மெதுவாக, குழந்தையைத் தாஜா பண்ணுகிற குரலில். "இல்லம்மா? நீ அழுதுக்கிட்டு வந்தே, நான் சொன்னேன். புதன்கிழமைதான். சொல்லிடு."

அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் அவன் தப்பிவிடுவான். அவளும்தான் பிழைத்தாள், ஜன்னல்கள் இருக்கின்றன, லுஸெட் இருக்கிறாள். செப்டம்பரில் கல்யாணமும் நடக்கும். முற்றத்தில் யாரோ உரக்கச் சிரித்தார்கள். எவரிஸ்ட் தன்னையறியாமல் தொப்பியைக் கசக்கினார்.

"செவ்வாய்" என்றாள் ஸிதோனி.

"ஸிதோனி!"

"செவ்வாய் சாயந்திரம் ஏழு மணி. ஒரு கூடை செர்ரி கொண்டாந்தான். பஸ் ஏன் தாமதம்னு முதலாளி குடைவாரு, நீ என்கூட கீழ வந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுன்னான். ரெண்டாவது மணியில எண்ணினோம்னு சொன்னா எவனும் மறுபேச்சு பேசமாட்டான்னான். நான் சிரிச்சேன் மேடம். இவ்வளவு சின்ன பொய்க்கு இவ்வளவு ஜோடனையான்னு கேட்டு, செர்ரியைத் தின்னுக்கிட்டே சிரிச்சேன்." அவள் குரல் உடைந்தது. "புதன்கிழமை நான் வாயத் திறக்கிறதுக்குள்ள இவனே அம்மாகிட்ட அதைச் சொல்லிட்டான். மாத்திச் சொன்னா இவன் பொய்யனாயிடுவானேன்னு நானும் ஆமாம் போட்டுட்டேன்."

கஸ்பார் அவள் நாற்காலியிலிருந்து கையை எடுத்தான். "நமக்காகத்தான்டி செஞ்சேன். எவனோ ஒருத்தனோட பஸ்ஸ எத்தனை வருஷம் ஓட்டுறது? நமக்குன்னு ஒண்ணு வாங்கினா நீ பேச, நான் ஓட்ட, ராஜா மாதிரி இருந்திருப்போம். உன்மேல பழி விழக்கூடாதுன்னுதானே அந்தக் கதையையே கட்டினேன்!"

"கொஞ்ச நேரம் முந்தி, 'இவளைக் காப்பாத்தத்தான் பொய் சொன்னேன்'னு சொன்னியே கஸ்பார். அப்ப நான்தான் திருடின்னு ஆகும்னு உனக்குத் தெரியாதா?" என்றாள் ஸிதோனி.

கஸ்பார் பஸ் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தான். புத்தகம் டிரைவர் இருக்கைக்குள், பஞ்சுக்கு நடுவே துணி சுற்றி வைத்திருந்தது. எவரிஸ்டே போய் எடுத்து வந்தார். சீமாட்டி போலீஸுக்குப் போன் செய்யப் போனார். போகிற வழியில் ஸிதோனியின் தோளைத் தொட்டு, தன் வாழ்நாளில் அநேகமாக முதல் தடவையாக, "என்னை மன்னிச்சுடும்மா" என்றார். ஸிதோனி தலையை மட்டும் ஆட்டினாள்.

எல்லாரும் போனபின் அவள் ஓர்தான்ஸை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னைக் கேக்குறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சுல்ல?"

"ஓரளவுக்கு."

"பஸ்ஸைச் சோதிச்சிருந்தாலே புத்தகம் கிடைச்சிருக்கும். அப்புறம் எதுக்கு மேடம் என் வாயாலயே சொல்ல வெச்சீங்க? அவன் கண்ணு முன்னாடி?"

எவரிஸ்ட் அதுவரை அவளிடம் கேட்டிராத குரலில் ஓர்தான்ஸ் சொன்னாள்.

"பஸ்லேர்ந்து எடுத்திருந்தா, யாரோ வெச்சுட்டாங்கன்னு அவர் சொல்லியிருப்பார். நீங்க நம்பியிருப்பீங்க. செப்டம்பர்ல கட்டிக்கிட்டும் இருப்பீங்க."

ஸிதோனி மோதிரத்தைக் கழற்ற முயன்றாள். அது விரல் கணுவில் சிக்கிக்கொண்டது. எவரிஸ்ட் உதவ எழுந்தார். "வேணாம் மாமா, நானே எடுக்கறேன்" என்று சொல்லி, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் திருகினாள்.