வரிசைக்கு ஓரடி

அறுவடை முடிந்து மூன்று வாரமாகிவிட்ட திராட்சைத் தோட்டத்துக்குள், ஒரு வரிசையின் கடைசியில், ஓர் ஆள் இரண்டு கைகளையும் விரித்தபடி நிற்பதைக் கண்டபோது பிளோறன்சுக்குப் பயம் வரவில்லை. குருவி விரட்ட வைக்கும் வெருளி என்றுதான் நினைத்தாள். பழமே இல்லாத கொடிகளுக்கு எதற்கு வெருளி என்று ஒரு கணம் தோன்றியது. சைக்கிளின் அடுத்த மிதியில் அதையும் மறந்துபோனாள்.

ஒக்டோபர் மாதத்துப் பின்னேரம். நாலரை மணிதான் ஆகியிருந்தது. ஆனாலும் ரைன் ஆற்றுப் பக்கமிருந்து ஏறி வந்த மூடுபனி மலையடிவாரத்தை மூடத் தொடங்கியிருந்தது. லாண்டாவ் நகரத்தைத் தாண்டி வந்த இரண்டு மணித்தியாலத்தில் ஒரு காரைக்கூட அவளும் சிநேகிதி குமுதினியும் காணவில்லை. அதற்காகத்தான் பிளோறன்ஸ் இந்தப் பாதையைத் தேடிப் பிடித்திருந்தாள். தோட்டக்காரரின் உழவு இயந்திரங்களும் சைக்கிள்களும் மட்டும் போகலாம் என்று பலகை போட்ட ஒடுங்கிய கொங்கிரீட் பாதை. இடது பக்கம், பாதையைத் தொட்டபடி வந்து முடியும் திராட்சை வரிசைகள். வலது பக்கம் ஆளுயரக் கல்மதில்.

"கார் வராத பாதையாப் பார். வேற ஒண்டும் வேண்டாம்," என்று தாங்கள் இருக்கும் பீலெஃபெல்டில் வைத்துக் குமுதினி கேட்டிருந்தாள். போன வருடம் முழுவதும் ஆஸ்பத்திரியும் வீடுமாய்க் கிடந்தவள். நெஞ்சில் கட்டியை வெட்டி எடுத்து, மருந்தேற்றி, தலைமயிர் கொட்டி, திரும்ப முளைத்து, செப்டெம்பரில்தான் டொக்டர் இனிப் பயமில்லை என்று சொன்னார். பிளோறன்சும் அவளும் ஒரே முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருடம் ஒன்றாக வேலை செய்தவர்கள். ரயிலேறும்போது குமுதினியின் மகள் நிருபமா பிளோறன்சின் கையைப் பிடித்து, "அன்ரி, அம்மாவைத் தனிய விட்டிடாதேங்கோ," என்றாள்.

ஆனால் குமுதினியைப் பிடித்து வைக்க ஏலவில்லை. அவளுடையது பற்றறிச் சைக்கிள். மேடு பள்ளம் எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

"நான் முன்னுக்குப் போறன். இதால நேர போனா ஒலிவ் தோட்டம் ஒண்டு வருமாம். உங்கட வேதத்தில வாற மரமல்லே, போய்ப் பாப்பம். நீ ஆறுதலா வா."

"கண்ணுக்குத் தெரியிற தூரத்தில போ."

"ஓம், ஓம்," என்றாள் குமுதினி திரும்பிப் பாராமலே. அவளுடைய மஞ்சள் மழைச்சட்டை கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஈர இலைகளின் மேல் ரயர் உருளும் சத்தமும், சங்கிலி பல்லில் உரசும் சத்தமும், பிளோறன்சின் சொந்த மூச்சும்தான் கேட்டன. சாறு பிழிந்தெடுத்த திராட்சைத் தோலை எருவாகப் பரப்பியிருந்தார்கள். அதன் புளித்த வாடை மூடுபனியோடு சேர்ந்து தொண்டையில் போய் ஒட்டியது. சைக்கிள் ஓட ஓட ஒவ்வொரு வரிசையும் நீண்ட ஒழுங்கை போலக் கண்முன்னால் திறந்து, கடைசிவரை காட்டி, உடனே மூடிக்கொண்டது. திறந்தது, மூடியது. அவள் சும்மா பார்த்துக்கொண்டு போனாள்.

அடுத்த வரிசையிலும் வெருளி நின்றது.

அதற்கடுத்ததிலும்.

ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்று வைத்திருக்கிறார்கள், ஜெர்மன்காரன் எதையும் ஒழுங்காகத்தான் செய்வான் என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தாள். நாற்பது ஐம்பது வரிசைகள் அப்படியே போயின. பிறகுதான் கவனித்தாள், முதலில் ஒரு விரல்நுனி அளவு தெரிந்தது இப்போது ஒரு முழம் உயரத்துக்குத் தெரிந்தது. மண்ணிறத்தில் நீண்ட சட்டை. ஈரத்தில் உடம்போடு ஒட்டியிருந்தது. தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. விரித்த கைகள் இரண்டும் இரு புறத்துக் கொடிகளையும் தொட்டபடி இருந்தன. இரண்டரை மீற்றர் அகலமான வரிசை அது. எந்த மனிதனுடைய கையும் அப்படி இரண்டு பக்கமும் எட்டாது.

மூடுபனியில் எல்லாம் பெரிதாகத் தெரியும் என்று தனக்குத்தானே சொன்னாள். வேகமாக மிதித்தாள்.

வரிசைகள் படபடவென்று திறந்து மூடின. ஒவ்வொன்றிலும் அது நின்றது. ஒவ்வொன்றிலும் வேறொரு விதமாக. ஒரு வரிசையில் வலது கால் முன்னால். அடுத்ததில் இடது கால். அடுத்ததில் வலது. தோளும் சரிந்த தலையும் காலுக்கேற்ப ஆடின. வெருளிகள் பல இல்லை. ஒன்றுதான். அது நடந்து வருகிறது. அவள் ஒரு வரிசையைக் கடந்தால், அது ஓரடி வைக்கிறது.

பிரேக்கை அழுத்திப் பிடித்தாள். சைக்கிள் இலையில் வழுக்கி மதிலோடு உரசி நின்றது.

அதுவும் நின்றது.

அவளுக்கு நேரே இருந்த வரிசைக்குள், இருபது அடி தூரத்தில். கொடிகளைத் தாங்கும் கம்பிகள் மெல்ல இரைந்துகொண்டிருந்தன. அதன் விரல்கள் கம்பியைத் தொட்டபடி வந்திருக்கின்றன. இரைச்சல் அடங்கும்வரை அவள் மூச்சு விடவில்லை.

முகம் இருந்தது. ஆனால் கண்ணும் மூக்கும் இருக்க வேண்டிய இடமெல்லாம் தோல், நெடுநாள் தண்ணீருக்குள் கிடந்த தோல் போல, வெளிறிச் சுருங்கியிருந்தது.

"யார் நீங்கள்?" என்று ஜெர்மனில் கேட்டாள். குரல் வெளியே வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. மாதாவே, மாதாவே என்று வாய் தானாக முணுமுணுத்தது. சைக்கிளைக் காலால் தள்ளி ஒரு வரிசை முன்னே போனாள். அங்கேயும் அதுதான், ஓரடி கிட்ட வந்திருந்தது. உடனே பின்னால் இழுத்துப் பழைய வரிசைக்கு வந்தாள். விலகும் என்று நினைத்தாள்.

அதுவும் ஓரடி. கிட்ட.

இன்னும் பதினெட்டு அடி. முன்னால், மூடுபனிக்குள், ஒலிவ் மரங்களின் சாம்பல் நிறத் தலைகள் தெரிந்தன. அங்கே வரிசைகள் முடிந்துவிடும். எண்ணினாள். இருபது வரிசைகள். திரும்பவும் எண்ணினாள். இருபதுதான். அவள் மரங்களுக்குப் போய்ச் சேர முன்னம் அது பாதைக்கு வந்துவிடும்.

தொலைபேசியை எடுத்தாள்.

"குமுதினி. எங்க நிக்கிறாய்?"

"இஞ்ச, மரத்துக்குக் கீழ. மர வாங்கில குந்தியிருக்கிறன். வடிவான இடமடி."

"திரும்பி வா."

"ஏன்? விழுந்திட்டியே?"

"வா. கெதியா வா. நான் தனிய நிக்கிறன்."

"பொறு, வாறன்."

அழைப்பு நின்றது. யாரோ வருகிறார்கள் என்ற நினைப்பில் பிளோறன்சுக்கு அழுகையே வந்தது. மதிலில் முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றி, அசையாமல் நின்றாள். அவள் அசையாதவரை அதுவும் அசையாது.

கம்பி இரைந்தது.

அவள் அசையவில்லை. ஆனால் அது ஓரடி வைத்தது.

பிறகு இன்னோரடி.

தூரத்தில் மஞ்சள் மழைச்சட்டை வெளிப்பட்டது. குமுதினி மிதித்துக்கொண்டு வந்தாள். ஒரு வரிசை கடந்தாள். ஓரடி. இன்னொரு வரிசை. இன்னோரடி.

"வராத!" என்று கத்தினாள் பிளோறன்ஸ். "அங்கயே நில்!"

மழைச்சட்டையின் தொப்பி காதை மூடியிருந்தது. குமுதினி கையை உயர்த்தி ஆட்டினாள். மணியை அடித்தாள். இன்னும் விரைவாக மிதித்தாள்.

பத்து. எட்டு. புளித்த வாடை தடித்து வந்தது. ஈர மண்ணில் கால் புதைந்து எழும் சத்தம். ஐந்து. சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மூன்று. அதன் விரல்நகங்கள் தெரிந்தன. ஒன்று.

வரிசையின் வாயில் வந்து நின்றது. பிளோறன்சின் தோளிலிருந்து ஒரு கை தூரம்.

குமுதினி நின்றிருந்தாள். மூடுபனி படிந்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் இரண்டே வரிசைகள்.

"என்னடி, பேயறைஞ்சமாதிரி நிக்கிறாய்? என்ன நடந்தது?"

குமுதினிக்கு அது தெரியவில்லை. கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு நேராகத்தான் பார்த்தாள். தெரியவில்லை.

அந்தத் தலை மெல்லத் திரும்பியது. குரல் வந்த பக்கம் சரிந்தது. பிறகு பிளோறன்சின் பக்கம் சரிந்தது. காத்திருந்தது. யாரும் சொல்லாமலே அவளுக்கு விளங்கியது. இன்னும் ஒரு வரிசை. யார் கடக்கிறார்களோ அவர்களிடம்தான் அது போகும். அவள் சைக்கிளை ஒரே ஒரு தரம் உன்னினால் போதும். ஒரு மிதி. தன் வலது காலைப் பார்த்தாள். அது நிலத்தில் ஊன்றியிருந்தது. அப்படியே இருந்தது.

"அங்கால போகட்டே, இஞ்ச வரட்டே? சொல்லன்."

அங்கேயே நில் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு பேருமே நின்றிருக்கலாம், இருட்டும்வரை, யாராவது வரும்வரை. அது அவள் பக்கம் ஒரு கையை மடக்கத் தொடங்கியது.

"ஒண்டுமில்லை," என்றாள் பிளோறன்ஸ். "வா."

குமுதினி மிதித்தாள்.

பாதையில் பாதம் விழும் சத்தம் ஒருதரம் கேட்டது. அது பிளோறன்சைத் தாண்டிப் போனது. ஈரச் சட்டையின் ஓரம் அவள் புறங்கையில் பட்டது.

"நல்லாப் பயந்திட்டன்," என்றாள் குமுதினி பக்கத்தில் வந்து. "உனக்கு ஒண்டுமில்லைத்தானே? முகத்தைப் பார், வெளிறிப்போய்க் கிடக்கு. வா, பொழுதுபட முன்னம் ஊருக்குள்ள போயிடுவம்." சைக்கிளைத் திருப்பினாள். பின்பக்கம் சட்டென்று தாழ்ந்தது. "சீ, என்ன இது பாரமாக் கிடக்கு. பற்றறி முடிஞ்சுதோ தெரியாது."

"இருக்கும்," என்றாள் பிளோறன்ஸ்.

"பின்னால வாவன்."

"நீ போ. வாறன்."

குமுதினி எழுந்து நின்று மிதித்தாள். சைக்கிள் ஆடி ஆடி நகர்ந்தது. பின் கரியரில், ஒரு பக்கமாகக் கால்களைப் போட்டு, அது இருந்தது. நீண்ட கைகள் அவளுடைய இடுப்பைச் சுற்றின. ஒருதரம். இன்னொருதரம். தலை அவள் முதுகில் சாய்ந்தது. சாய்ந்து, இன்னும் சாய்ந்து, மஞ்சள் மழைச்சட்டைக்குள் காதுவரை போனது. சட்டை கிழியவில்லை. குமுதினி ஒருமுறை இருமினாள். பிறகு ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி, ஒவ்வொரு வரிசையாகக் கடந்து, போய்க்கொண்டிருந்தாள்.