வெறுங்கை

முதலில் வந்தவளின் கையில் நாடி இல்லை.

நாகஜோதி அதைத் தேடவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் நர்ஸ் வேலை பார்த்தவள். யார் கையைப் பிடித்தாலும் விரல்கள் தாமாக நாடியில் போய் உட்கார்ந்துவிடும். "ரோட்டைத் தாண்டவாம்மா கையைப் பிடிக்கிற, காய்ச்சல் பாக்கவா?" என்று மகள் தமிழ்வாணி இப்போதும் கிண்டல் செய்வாள். வளையல் போட இந்தப் பெண்ணின் கையைப் பிடித்தபோதும் விரல்கள் அங்கேதான் போயின. துடிப்பைக் காணோம். தன் விரல்தான் மரத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அந்தக் கையைக் குவித்துப் பச்சைக் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றினாள். கை ஜில்லென்று இருந்தது. அந்தப் பெண் காசை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அந்த வளையல் கடை. கடைக்காரி ஹம்சவேணி பெங்களூரில் இருக்கும் மகனிடம் போய்விடப் போகிறாள். "ஒரு சாயங்காலம் உக்காந்து பாருங்க சிஸ்டர். பிடிச்சா கடை உங்களுக்கு. பிடிக்கலன்னா உங்க ஊசி மருந்து இருக்கவே இருக்கு" என்று சொல்லிவிட்டு ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தாள்.

பிடிக்க வேண்டுமே என்று நாகஜோதி வேண்டாத தெய்வமில்லை. இனி ஒரு சாவைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. அதிலும் வளையல் உடைக்கிற வேலை. கை வீங்கி வருகிற பெண்களுக்குக் கண்ணாடி வளையலைக் கழற்ற முடியாது. மேலே துணியைச் சுற்றி அழுத்தி நொறுக்க வேண்டும். புருஷன் இருக்கும்போது கையை மூளியாக்குகிறார்களே என்று அவர்கள் அழுவார்கள். அழுகையை நிறுத்த அவள் ஒரே வார்த்தையைத்தான் எல்லோரிடமும் சொல்வாள். "நல்லானதும் நானே புதுசு போட்டுவிடுறேன், தாயி." பிழைத்தவர்கள் வீட்டுக்குப் போய் அதை மறந்தார்கள். மற்றவர்கள் வெறுங்கையோடு பிணவறைக்குப் போனார்கள். அதற்கெல்லாம் பரிகாரம் மாதிரி, இனிக் காலமெல்லாம் வளையல் போட்டுக்கொண்டே இருக்கலாம் என்றுதான் இந்தக் கடைமேல் ஆசை வந்தது.

இருட்டத் தொடங்கியபோது கரண்ட் போனது. அந்தச் சந்தில் அது வழக்கம்தான் என்று ஹம்சவேணி சொல்லி வைத்திருந்தாள். நாகஜோதி எமர்ஜென்சி விளக்கைப் போட்டாள். வெள்ளை வெளிச்சத்தில் அடுக்கடுக்காகத் தொங்கிய வளையல்களின் நிழல் சுவரில் கம்பி கம்பியாக விழுந்தது. பஸ் ஸ்டாண்டின் ஹாரன் சத்தமும், "தேனி, தேனி" என்று கூவுகிற கண்டக்டர் குரலும் தள்ளித் தள்ளிப் போய்க் கடைசியில் கேட்காமலே போயின. அட்டைப்பெட்டியின் பழைய வாசனைக்கு நடுவே டெட்டால் வாடை அடித்தது. தன் சேலையில் ஒட்டியிருக்கும் என்று முந்தானையை எடுத்து முகர்ந்தாள். சோப்பு வாசனைதான் வந்தது.

வாசலில் ஒருத்தி நின்றாள். செருப்புச் சத்தமே கேட்கவில்லை.

"உள்ள வாங்க. என்ன கலர் வேணும்?"

கையை மட்டும் நீட்டினாள். புறங்கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்திரி. அதைச் சுற்றி நீலம் பாரித்திருந்தது. பிளாஸ்திரியின் ஓரம் மடித்து ஒட்டப்பட்டிருந்தது; அப்படி ஒட்டுவது நாகஜோதியின் பழக்கம். வேறு யாரும் அப்படி ஒட்டுவதில்லை.

நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள்.

கீழக்குயில்குடி சின்னத்தாய். புல்லறுக்கப் போன இடத்தில் பாம்பு கடித்து, போன மாதம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். விடியும் முன் போய்விட்டாள். கண்ணை மூடிவிட்டதே நாகஜோதிதான்.

"போட்டுவிடுறேன்னு சொன்னீகளே சிஸ்டர்" என்றாள் சின்னத்தாய். கோபமில்லை. கேட்டு வாங்க வந்தவளின் குரல், அவ்வளவுதான்.

எழுந்து ஓட வேண்டும் என்று நாகஜோதிக்குத் தெரிந்தது. கால் எழவில்லை. கை எழுந்தது. சிவப்பு வளையலை எடுத்து அந்த ஈரமான, குளிர்ந்த கையில் ஏற்றியது. முதல் வளையல் மணிக்கட்டுக்கு வந்ததும் விரலுக்கடியில் ஏதோ அசைந்தது. இரண்டாவதற்கு லேசாகத் துடித்தது. கடைசி வளையலுக்கு, திடமான, நல்ல நாடி. சின்னத்தாயின் உதட்டில் நிறம் ஏறியது. வளையலைக் குலுக்கிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் படியிறங்கினாள்.

நாகஜோதியின் விரல்நுனி வெளுத்திருந்தது. உணர்ச்சியே இல்லை.

அடுத்த கை நீண்டது. தீயில் வெந்த கை. அதற்கும் போட்டாள். குளிர் அவள் மணிக்கட்டுக்கு ஏறியது. இன்னொரு கை, பிரசவத்தில் வீங்கியது. குளிர் முழங்கைக்கு ஏறியது. தன் நாடியைத் தொட்டுப் பார்த்தாள். ஆழத்தில் எங்கோ, விட்டுவிட்டு அடித்தது.

எட்டிப் பார்த்தாள். சந்து முழுக்கப் பெண்கள். வரிசையாக. பொறுமையாக. அத்தனை பேர் கையும் மூளி.

"என்னால முடியல, தாயி. விட்ருங்க."

யாரும் நகரவில்லை.

"என்னம்மா, முத நாளே இம்புட்டுக் கூட்டமா!"

தமிழ்வாணி. ஸ்கூட்டர் சாவியைச் சுழற்றிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, சிரித்தபடி உள்ளே வந்தாள். யாரை விலக்கி வருகிறாள் என்று தெரியாமல் வந்தாள். "எனக்கு மொதல்ல போட்டுவிடு. பிள்ளைக்கு இல்லாத வளையலா?" என்று கையை நீட்டினாள்.

ஓடிப் போ என்று சொல்லத்தான் நாகஜோதி வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் கை மகளின் கையைப் பிடித்துவிட்டது.

சூடு. உயிருள்ள சூடு. மகளின் நாடி துள்ளியது. செத்துப்போன விரல்நுனிகளில் சுருக்கென்று உணர்ச்சி வந்தது. ஐயோ, அது எவ்வளவு சுகமாக இருந்தது!

"அம்மா, வலிக்குது. விடு."

விட வேண்டும். பெற்ற பிள்ளை. விட வேண்டும்.

பிடி இறுகியது. சூடு மணிக்கட்டுக்கு வந்தது. முழங்கைக்கு வந்தது. மகளின் நாடி தளர்ந்தது. விட்டுவிட்டு அடித்தது. பிறகு, தேட வேண்டியிருந்தது.

"அம்மா..."

சாவி கீழே விழுந்தது.

வரிசையில் யாரும் அவசரப்படவில்லை. அடுத்து நின்றவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நாகஜோதியின் கையில் மறுபடி ரத்தம் ஏறிச் சிவக்கும் வரை காத்திருந்தாள். பிறகு தன் கையை நீட்டினாள்.