ஆறரை மணங்கு இரும்பு

முப்பத்தொரு வராகன், ஏழு பணம். பழவேற்காட்டுத் தோணிக்காரன் தனக்கோடி, ஒல்லாந்து வியாபாரி கோர்னேலிஸ் துரைக்குத் தரவேண்டிய கடன் அவ்வளவு. அந்தப் பணத்தில் வாங்கிய தோணி முகத்துவாரத்தில் உடைந்து, ஏற்றியிருந்த உப்போடு உப்பாகக் கரைந்துபோயிற்று. கடன் மட்டும் உடையாமல் கரையேறி வந்து அவன் பெண்டாட்டி திரௌபதியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிற்று. எட்டு மாதமாக அவள் துரை வீட்டுப் பின்கட்டில் ஈட்டு ஆளாக நெல் குத்துகிறாள். அமாவாசையன்று கடல்கடந்த பட்டாவியாவுக்கு அடிமைக் கப்பல். அதற்குள் கடன் தீராவிட்டால் அவளையும் ஏற்றிவிடுவதாகத் துரை சொல்லிவிட்டார். அமாவாசை நாளைக்கு.

கடனைக் கழிக்கத்தான் தனக்கோடி பழைய சுங்கக் கிடங்கில், ஐப்பசி மழை கூரையை உரித்துக்கொண்டிருந்த ஒரு நடுப்பகலில், மரச்சட்டத்தில் நிறுத்தியிருந்த இரும்புப் போர்ச்சட்டையின் மார்புக்கு முன்னால் குந்தியிருந்தான். விரலை மடக்கி அதைத் தட்டினான்.

சத்தம் சரியில்லை.

உள்ளே ஒன்றுமில்லாத இரும்பு, காலிப் பானை மாதிரி ஒலிக்கவேண்டும். இது அரிசி நிரப்பிய பானை மாதிரி ஒலித்தது. தலைக்கூட்டின் முகமூடியைத் தூக்கி உள்ளே பார்த்தான். இருட்டும் தோல் பட்டையும் தவிர ஒன்றுமில்லை. ஆனால் கருவாட்டு வாசம் வந்தது. பழவேற்காட்டில் கருவாட்டு வாசம் இல்லாத இடம் ஏது என்று மூடிவிட்டான். இன்னொன்றும் அவனை உறுத்தியது. இந்த ஏரிக்காற்றில் புது நங்கூரமே ஒரு மழைக்காலத்துக்குள் துருவேறிச் செதில் செதிலாக உதிரும். இந்த இரும்பில் ஒரு பொட்டுத் துரு இல்லை.

வேலை இதுதான். அந்தக் காலத்தில் பறங்கிக் கப்பலில் வந்து, கேட்பாரில்லாமல் கிடங்கில் கிடந்த போர்ச்சட்டை அது. துரை அதைச் சந்திரகிரி அரண்மனைக்கு விற்கப் பேசியிருந்தார். அரண்மனை ஆள் கெட்டிக்காரன். "கொல்லன் நேத்து அடிச்சதா, நிஜமாவே பழசா? எழுத்து இருந்தா காட்டு" என்று கேட்டுவிட்டான். எழுத்தைத் தேட ஆள் வேண்டும். ஊர்க் கணக்கர்கள் ஒருத்தரும் வரவில்லை. கூலி குறைவு என்றுதான் தனக்கோடி நினைத்தான். அவன் எழுத்து கற்றதே நாற்பத்திரண்டு வயதில். மயிலாப்பூரிலிருந்து துரைக்கு மொழிபெயர்க்க வந்த துபாஷி அந்தோணிசாமி உப்பளத்து மணலில் கீறிக் காட்டிக் கற்றது. பழைய ஓலைகளைத் தேடி, இரும்பை எடை போட்டு, புது ஓலையில் சரித்திரம் எழுதிக் கொடுத்தால் கடன் முழுக்கக் கழியும். துரையின் வாக்கு அது.

சட்டையோடு கூடவே வந்திருந்த பறங்கிக் காகிதத்தை அந்தோணிசாமி படித்தார். வெற்றிலைச் சாறு அதில் தெறிக்காமல் இருக்கத் தலையைச் சாய்த்துக்கொண்டே படித்தார்.

"இருநூறு வருசத்துக்கு முந்தி அவங்க ஊர்ல குதிரைமேல போறவன் போட்ட சட்டையாம். வாளால வெட்டினா இறங்காதாம்."

"அப்ப எப்படித்தான் சாவடிப்பாங்களாம் அண்ணாத்தே?"

"வாளை நடுவுல புடிச்சிக்கினு, அக்குள்ல, கவட்டில, கண்ணு சந்துல பாத்து குத்துவாங்களாம்."

"நண்டு ஒடைக்கிற வேலைனு சொல்லு."

அந்தோணிசாமி சிரித்தார். பிறகு விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே, "தனியா மாட்டிக்க முடியாதாம்டா. பின்னால வார் கட்ட ஒரு ஆள் வேணும். கழட்டறதுக்கும் ஒரு ஆள் வேணும். இடது அக்குள்ல பித்தள வளையம் வச்சி ஒட்டுப் போட்டிருக்குமாம், பாரு" என்றார்.

தனக்கோடி கையை விட்டுப் பார்த்தான். தகடுக்கு அடியில் வலைக்கண் மாதிரி பின்னிய இரும்பு வளையங்கள். நடுவில் ஒரு கை அகலத்துக்குப் பித்தளை. வலை பின்னுகிறவனின் விரல்களுக்கு அந்தக் கண்கள் பழகினவையாக இருந்தன. ஆனால் மழைக்குளிரில் ஜில்லென்று இருக்கவேண்டிய இரும்பு, வெயிலில் காயப்போட்ட வலைபோல வெதுவெதுப்பாக இருந்தது.

காகிதம் சரி. இனி ஓலை. சுங்கச் சாவடி வழக்கம் ஒன்று உண்டு. கிடங்குச் சரக்கை இடம் மாற்றும்போதெல்லாம் எடை போடவேண்டும், சுமந்தவன் பெயரை எழுதவேண்டும், கடைசியில் எழுதினவன் 'இவை இன்னான் எழுத்து' என்று முடிக்கவேண்டும். அந்தோணிசாமி வீட்டுக்குப் போனபின் தனக்கோடி எழுத்துக் கூட்டிப் படித்துப் படித்து, செல் அரித்த கட்டுகளிலிருந்து மூன்று ஓலைகளைப் பிரித்தெடுத்தான்.

முதல் ஓலையில் இரும்புச் சட்டையின் எடை இரண்டு மணங்கு.

இரண்டாவதில் மூன்றரை மணங்கு.

மூன்றாவதில் ஐந்து.

தப்பாகப் படித்துவிட்டோமோ என்று மறுபடி கூட்டினான். தப்பில்லை. ஒவ்வொரு ஓலையின் ஓரத்திலும் பிற்பாடு யாரோ கீறிய ஒரு வரி இருந்தது: 'ஆள் காணவில்லை. கணக்கில் கழிக்கவும்.' ஒவ்வொரு ஓலையிலும் சுமந்தவன் பெயர் வேறு. கடைசி ஓலையில் கோதண்டம் என்று இருந்தது.

தனக்கோடி இரும்பைத் துண்டு துண்டாகக் கழற்றித் தராசில் வைத்தான். மார்பு, முதுகு, கை, கால், தலைக்கூடு, வளையச் சட்டை. படிக்கல்லை மாற்றி மாற்றி வைத்து மூன்று தரம் நிறுத்தான்.

ஆறரை மணங்கு.

படிக்கல்லை மெதுவாகக் கீழே வைத்தான். அவன் வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு பயத்துக்குள் உட்கார்ந்தபடி ஒரு வழி தெரிந்தது. இதைச் சுமக்கிறவனை இது தின்கிறது. தின்றவனின் கனம் இதில் ஏறுகிறது. அப்படியானால் சுமந்தவன் என்ற இடத்தில் யார் பெயரை எழுதுவது என்பது எழுதுகிறவன் கையில்தானே இருக்கிறது?

துரைக்குத் தமிழ் எழுத்து தெரியாது.

எழுத்தாணியை எடுத்தான். காகிதம் சொன்னதையும் ஓலைகள் சொன்னதையும் கோர்த்து எழுதினான். எடையை எழுதினான். 'சுமந்தவர் கோர்னேலிஸ் துரை' என்று எழுதும்போது ஓலை கிழிந்துவிடுமோ என்கிற அளவுக்கு அழுத்தினான். எட்டு மாத நெல் குத்தலை அந்தக் கீறலில் இறக்கினான். கடைசியாக, பெரிய கணக்கர்களைப்போல, அவனுக்கு எழுதவே ஆசையாக இருந்த வரி. 'இவை தனக்கோடி எழுத்து.' கோவை இலைச் சாறும் விளக்குக் கரியும் தடவித் துடைத்ததும் அவன் பெயர் கறுப்பாக எழும்பி வந்தது. அழகாகத்தான் இருந்தது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு, கோணியைத் தலையில் போட்ட ஒரு கிழவர் மழைக்கு ஒதுங்கினார்.

"இன்னாடா, இந்தப் பொணத்த இன்னும் வச்சிக்கினா கீறானுங்க?" கிழவர் இரும்பைப் பார்த்துத் துப்பினார். "வெள்ளத்தப்போ நான்தான் இத்த ஏரிக்கரையிலேர்ந்து முதுகுல தூக்கியாந்தேன். முப்பது வருசம் இருக்கும்."

தனக்கோடி மூன்றாவது ஓலையை இழுத்துப் பார்த்தான். "உங்க பேரு இன்னா பெரியவரே?"

"கோதண்டம். ஏன், கூலி பாக்கி எதுனா குடுக்கப்போறியா?"

"தூக்கினவங்க காணாமப் போயிட்டதா ஓலையில…"

"தூக்கினவன் எதுக்குடா காணாமப் போறான்? இதோ கல்லு மாதிரி நிக்கிறேன். எழுதுன கணக்கன்தான் அன்னிக்கே காணாமப் போனான். எழுத்தாணி கெடந்துது, ஓலை கெடந்துது, ஆளக் காணோம். அதுக்கு முந்தி எழுதுனவனும் அப்படித்தானாம். அதான் ஊர்ல ஒரு கணக்கன் இத்த எழுத மாட்டான். உனக்கு யாரும் சொல்லலியா?"

மழை சற்று விட்டதும் கிழவர் கோணியை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

தனக்கோடி மூன்று ஓலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். சிறு வயதில் படித்தவன் கையெழுத்தைப் பார்ப்பான். இவன் இத்தனை நேரமும் எழுத்தைத்தான் பார்த்தான். இப்போது கையெழுத்தைப் பார்த்தான். ஒன்று சாய்ந்த கை. ஒன்று உருண்டை. ஒன்று நடுக்கம். மூன்று கை. ஒரு கைகூட இரண்டாம் முறை வரவில்லை.

நாலாவது, அவன் கை.

தீச்சட்டியில் நெருப்பு இருந்தது. ஓலையை அதன்மேல் நீட்டினான். ஓரம் சுருண்டது. எரித்துவிடலாம். எரித்துவிட்டு ஆரம்பாக்கம் பக்கம் ஓடிவிடலாம். விடிந்தால் துரை வந்து கையை நீட்டுவார். ஓலை இருக்காது. திரௌபதி கப்பலில் இருப்பாள். பிடித்துக்கொண்டு போன அன்று அவள் அழவில்லை. "நீ வந்துடுவ இல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

கையை இழுத்துக்கொண்டான். ஓலையைத் துரை வைக்கச் சொல்லியிருந்த பெட்டியில் வைத்து மூடினான். மூடிய கை மூடியின்மேலேயே சிறிது நேரம் கிடந்தது.

இனி வெளியே போகவேண்டும். அவ்வளவுதான். கதவு பத்தடி தூரம்.

கருவாட்டு வாசம் கூடியிருந்தது. இப்போதுதான் அவனுக்கு அந்த வாசம் சரியாகப் பிடிபட்டது. மூன்று கூடை மீன் காய்ந்தால் ஒரு கூடை கருவாடு. கூலியாட்களைச் சுங்கத் தராசில் விளையாட்டுக்கு நிறுத்துப் பார்த்திருக்கிறான். ஒரு ஆள் நாலரை மணங்கு. காய்ந்தால் ஒன்றரை.

ஒன்றரை. ஒன்றரை. ஒன்றரை.

பின்னால் தோல் உராய்கிற சத்தம். வார் ஒன்று வளையத்திலிருந்து கழன்றது. அவன் திரும்பவில்லை. கழற்ற ஒரு ஆள் வேண்டும் என்று காகிதம் சொன்னது. ஒரு ஆள்தான் கழற்றுகிறான். பொறுமையாக. இரண்டாவது வார். மூன்றாவது.

எட்டடி.

தராசில் துண்டு துண்டாக அவன் விட்டுவந்த இரும்பு. இப்போது சட்டத்தில் முழுதாக நிற்கும் என்று தெரிந்தது. பார்க்காமலே தெரிந்தது.

ஐந்தடி.

முதுகில் வெதுவெதுப்பு. காயப்போட்ட வலை.

தாழ்ப்பாளில் கை வைத்தான். அந்தக் கையின்மேல் இன்னொரு கை வந்து படிந்தது. இரும்புக் கை. உள்ளே விரல்கள். உப்பேறிய, உலர்ந்த விரல்கள். தட்டிக் கொடுப்பதுபோல.

கத்தினான். முகமூடி இறங்கியது.

பின்னால் வார் இறுகியது. ஒன்று. இரண்டு. மூன்று.

விடிந்தது அவனுக்குக் கண்சந்தின் வழியாகத்தான் தெரிந்தது. ஒரு விரல்கடை அகலத்துக்கு உலகம். அதில் துரையின் தொப்பி, அந்தோணிசாமியின் நரைத்த மீசை, வாசற்படியருகே, கப்பலுக்கு ஏற்றக் கொண்டுவந்திருந்த திரௌபதி. இளைத்திருந்தாள். கூப்பிடப் பார்த்தான். நாக்கு அண்ணத்தில் ஒட்டி, மரத்துண்டாகக் கிடந்தது. முதுகில் ஒருத்தன் சாய்ந்திருந்தான். தோளில் ஒருத்தன் மோவாயை வைத்திருந்தான். இன்னொருத்தன் எங்கே என்று நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

தராசுக் கயிறு முனகியது.

"எட்டு மணங்கு துரை," அந்தோணிசாமி படிக்கற்களை இரண்டாம் முறை எண்ணினார். "நேத்து ஆறரைனு எழுதியிருக்கான்."

"குடிகாரன்," என்றார் துரை. "நிறுக்க தெரியல. வெளியே அரண்மனை ஆள் நிக்குது. எடை தப்பு இருந்தா வாங்கமாட்டான்."

"அவரு எங்க?" திரௌபதி கேட்டாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. "சாமி, எங்க வூட்டுக்காரரு எங்க?"

அந்தோணிசாமி துரையின் முன்னால் போய் நின்றார். "அவன் எங்க போனான்னு தெரியல. ஆனா கேட்ட எழுத்தைக் குடுத்துட்டான். சொன்ன சொல்லு துரை. கடனைக் கழிங்க. பொண்ண வுடுங்க."

துரை வாசலில் நிற்கும் அரண்மனைக் குதிரைகளைப் பார்த்தார். முன்னூறு வராகன் அங்கே காத்திருந்தது. "சரி. எழுத்தாணி வேணாம். மை கொண்டா. நானே எழுதுறேன்."

தனக்கோடியின் ஓலையை ஒரு புதுக் காகிதத்தோடு சேர்த்துத் தைத்து, அந்தக் காகிதத்தில் துரை தன் பாஷையில் எழுதினார். எழுத எழுத அந்தோணிசாமி திரௌபதிக்குச் சொன்னார்: இரும்புச் சட்டை, எடை எட்டு மணங்கு. இதை எழுதிய கூலிக்குத் தனக்கோடியின் கடன் முப்பத்தொரு வராகன் ஏழு பணமும் தீர்ந்தது. அவன் பெண்டாட்டிமேல் யாருக்கும் பாத்தியதை இல்லை.

திரௌபதி அழவில்லை. வாசற்படியைத் தாண்டி வெயிலில் இறங்கினாள். கண்சந்தில் அவள் முதுகு சிறுத்துக்கொண்டே போனது. போகட்டும். போகட்டும். திரும்பாமல் போகட்டும்.

துரை குனிந்து, அடியில் தன் பெயரை எழுதினார். நீளமான பெயர். வாலைச் சுழித்து, அடிக்கோடிட்டு, மைக்கு மேல் மணலைத் தூவி ஊதினார்.

இரும்புக்குள் சலசலப்பு. முதுகில் சாய்ந்திருந்தவன் அசைந்தான். தோளில் மோவாய் வைத்திருந்தவன் விலகினான். எல்லோரும் ஓலைக்கட்டுபோல ஒருவர்மேல் ஒருவர் நெருங்கி, தனக்கோடியின் நெஞ்சுக்கு முன்னால், முகத்துக்கு முகம் பார்க்கிற மாதிரி, ஒரு ஆளுக்கு இடம் விட்டார்கள்.

பின்னால் முதல் வார் கழன்றது.