லிவர்பூலிலிருந்து வந்த சிரிப்பாணி

"அந்தக் கட்டு எனக்கு வேணும்... தருவியளா?"

அஜிதா திரும்பினாள். நாகர்கோவில் பழைய புத்தகக் கடை வாசலில், மழையில் தொப்பலாக நனைந்து நின்றான் ஒருவன். இமைகளில் நீர்த்துளி... அதற்குள்ளே இரண்டு கறுத்த கண்கள்.

கையிலிருந்த கட்டை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். இங்கிலாந்தில் அச்சடித்த பழைய சிறுவர் காமிக்ஸ்கள்.

"நான் முதல்ல எடுத்தது. தர முடியாது."

"எனக்க அப்பா வச்சிருந்தது அது. கப்பல்ல சமையல்காரரா இருந்தாரு. லிவர்பூலுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு வாங்கிட்டு வருவாரு. போன வருஷம் இறந்துட்டாரு... பாக்கப் பாக்க அழுகை வருதுன்னு அம்மா எடுத்து இந்தக் கடையில போட்டுட்டா."

அவள் மனசு கலங்கியது. ஆனாலும்...

"நான் பிள்ளியளுக்க கேன்சர் வார்டுல நர்ஸ். இதுக்காக அங்க பிள்ளிய காத்துக் கிடக்குது. வேணும்னா வந்து அதுவகிட்ட கேளுங்க."

சனிக்கிழமை நிஜமாகவே வார்டுக்கு வந்துவிட்டான். பெயர் ரெஜின். குளச்சல் துறைமுகத்தில் படகு இன்ஜின் மெக்கானிக்.

கேட்கத்தான் வந்தான். ஆனால் முடியெல்லாம் கொட்டிப்போன சிறுமி ஆர்த்திகா, ஒரு ஹெட்மாஸ்டர் சேற்றில் குப்புற விழும் படத்தைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மகளின் சிரிப்பாணியைக் கேட்டு அவள் அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

"மாமா, இதுல என்ன எழுதியிருக்கு?"

ரெஜின் கட்டிலோரம் உட்கார்ந்தான். அவன் அப்பாவுக்கு இங்கிலீஷ் அரைகுறை. படத்தைப் பார்த்து, குளச்சல் பேச்சில் தானே கதை கட்டுவார். இவனும் அப்படியே சொன்னான். ஹெட்மாஸ்டர் மீன் ஏலக்காரர் ஆனார், சேறு கடல் அலையானது. எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரப் பிள்ளைகள் சிரித்த படத்துக்கு வார்டே சிரித்தது.

வராந்தாவில் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கட்டு இங்கயே இருக்கட்டு, சிஸ்டர்."

பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தான். அந்தக் காமிக்ஸ் இங்கிலாந்தில் இப்போதும் வாரா வாரம் வருகிறதாம். புது இதழ்களையும் தருவித்தான். அவன் கதை சொல்லும்போது அஜிதா ஊசிமருந்தோடு கதவருகே நின்றுவிடுவாள். அவன் நிமிர்வான்... அவள் குனிவாள்.

மற்ற நர்ஸுகள் கேலி பேசத் தொடங்கினார்கள். ஒரு நாள் அஜிதாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ரெஜின் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதே போய்ச் சொன்னாள்.

"இனி வராண்டாம். இங்க பேச்சு வருது."

அவன் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போனான். அடுத்த சனிக்கிழமை வரவில்லை, அதற்கடுத்த வாரமும்.

ஆர்த்திகா புத்தகத்தை மூடி வைத்தாள். "கத மாமாவ நீங்கதானே வரப்பிடாதுன்னு சொன்னீய?"

அஜிதா அன்று ட்யூட்டி முடிந்ததும் குளச்சல் பஸ் ஏறினாள்.

துறைமுகத்தில் தூறல். கை முழுக்க கிரீஸோடு படகிலிருந்து இறங்கியவன், அவளைக் கண்டதும் நின்றான்.

"பிள்ளிய உங்களத் தேடுது..." என்றாள்.

"பிள்ளிய மட்டுமா?"

அலைச்சத்தம்... அவன் கை கிரீஸைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நானுந்தான்."

"ஆஸ்பத்திரியில பேச்சு வருமே, அஜிதா?"

முதன்முறையாக அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"வரட்டு. உள்ளதைத்தானே பேசுவாவ."