இடது பக்கம் எரியுதா

எலக்ட்ரீஷியன் அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது வெயில் இறங்கிவிட்டது. பழைய கார் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆள் கெட்டிக்காரர், ஆனால் ஒண்டிக்கட்டை. வீட்டில் பேச்சுத் துணைக்குக்கூட ஆள் கிடையாது. ஒயர்களோடுதான் பேசுவார், அதிலும் பாதி திட்டு. பிரேக் லைட்டைச் சோதிக்க ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், இன்னொருவர் பின்னால் நின்று எரிகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். "மிதி, விடு" என்று ஆரம்பித்துப் புருஷன் பெண்டாட்டி சண்டையில் போய் முடிகிற வேலை அது. இவருக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டுத் தானே பின்னால் போய்ப் பார்த்துக்கொள்வார்.

கூப்பிட்டது அந்த வீட்டுப் பெண். வேறு ஊரில் இருக்கிறாள். அப்பா போனதிலிருந்து அம்மாவைத் தன்னோடு வரச் சொல்லி மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாளாம். கார் லைட் சரியாகட்டும், வருகிறேன் என்று அம்மா சாக்குச் சொல்கிறாராம். எப்படியாவது அதைச் சரிசெய்து கொடுங்கள் என்று போனில் கெஞ்சினாள்.

கதவைத் திறந்தது அந்த அம்மாள். டார்ச்சை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். வீட்டில் ஒரே ஒரு அறையில்தான் விளக்கு எரிந்தது. மற்ற அறைகளில் நாற்காலிகளுக்குத் துணி போர்த்தியிருந்தது. பின்பக்கம் கார் ஷெட். உள்ளே, முகத்தை வாசலுக்கும் முதுகைச் சுவருக்கும் காட்டி அந்தப் பழைய கார் நின்றது. பழைய எண்ணெயும் ரப்பரும் கலந்த வாடை. அதற்கு மேலே, சற்றுமுன் யாரோ முகம் மழித்த மாதிரி ஒரு சோப்பு மணம்.

பின்சுவரில் வலது பக்கம் மட்டும் சிவப்பாகக் கிடந்தது. வலது பிரேக் லைட் எரிந்துகொண்டிருந்தது. இடது பக்கம் இருட்டு.

"இது அணையறதே இல்லை," என்றார் அம்மாள். "அது எரியறதே இல்லை."

இவ்வளவுதானா என்று எலக்ட்ரீஷியனுக்கு நிம்மதி. இந்த மாதிரிக் கார்களில் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் பின்னால் ஒரே பல்புதான். பிரேக்கின் கரண்ட் ஸ்டீயரிங் அடியில் இருக்கும் இண்டிகேட்டர் ஸ்விட்ச் வழியாகத்தான் பின்னால் போகும். அங்கே கரி பிடித்தால் இடது இண்டிகேட்டரும் போச்சு, இடது பிரேக் லைட்டும் போச்சு. வலது அணையாமல் எரிகிறதென்றால் பெடல் ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டிருக்கும். பேட்டரி எப்படித் தீராமல் இருக்கிறது என்று கேட்டார். மூலையில் இருந்த சார்ஜரைக் காட்டினார் அம்மாள்.

"தீர்ந்துட்டா சத்தம் வருது தம்பி. அதான் போட்டே வெச்சிருக்கேன்."

என்ன சத்தம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, தரையில் மண்டியிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு டார்ச்சை அடித்தார். பெடல் ஸ்விட்ச் ஒட்டவில்லை. புத்தம்புதுசு. முன்னால் வந்தவன் எவனோ மாற்றியிருக்கிறான். லைட்டில் எந்தக் குற்றமும் இல்லை. அது எரிய வேண்டிய காரணத்தால்தான் எரிந்தது.

பெடல் கீழே அமுங்கியிருந்தது.

ஸ்பிரிங் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, விரலைக் கொடுத்துப் பெடலைத் தூக்கினார். கனத்தோடு மேலே வந்தது. சுவரில் சிவப்பு அணைந்தது.

பிறகு பெடல் அவருடைய விரல்களையும் சேர்த்து, நிதானமாகக் கீழே இறங்கியது.

அவர் கையை உருவிக்கொண்டார். தலை டாஷ்போர்டில் இடித்தது. வலிகூடத் தெரியவில்லை.

சீட்டைப் பார்த்தார். யாரும் இல்லை. ஆனால் சீட்டின் தோல் நடுவில் குழிந்திருந்தது.

"அவர்தான்," என்றார் அம்மாள், ரொம்ப மெதுவாக. "பயப்படாதீங்க. ஒண்ணும் பண்ண மாட்டார்."

போன வருஷம் இதே ஷெட்டில், இதே வேலைதான் நடந்ததாம். வீட்டுக்காரர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க, இந்த அம்மாள் பின்னால் நின்று பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். இடது எரியவில்லை, வலது மட்டும்தான் என்று சொன்னார். அவர் மறுபடி மிதித்தார். விடுங்கள் என்றார் அம்மாள். லைட் அணையவில்லை. விடுங்கள், விடுங்கள் என்று கத்தியும் அணையவில்லை. வலது பக்கமும் கெட்டுப்போச்சா என்று அந்த ஸ்விட்சைத் திட்டிக்கொண்டே முன்னால் வந்து பார்த்தபோது, கால் பெடலிலேயே இருந்தது. உயிர்தான் இல்லை.

ஒரு தடவை அம்மாள் பேட்டரியைக் கழற்றிப் பார்த்தாராம். லைட் போய்விட்டது. ஆனால் ராத்திரி முழுக்கப் பெடல் சத்தம். மிதிக்கிறார், விடுகிறார், மிதிக்கிறார். எரியவில்லையே என்று தவிக்கிற சத்தம். தாங்க முடியாமல் எழுந்து வந்து பேட்டரியை மாட்டினாராம்.

"விடுங்கன்னு நான் சொல்லாத நாளில்லை. கேக்கலை. இடது எரியாம விட மாட்டார், பிடிவாதக்காரர். பொண்ணு வா வாங்கறா. இவரை இப்படி விட்டுட்டு நான் எப்படிப் போறது, சொல்லுங்க."

எலக்ட்ரீஷியனுக்கு ஓடிவிட வேண்டும் போலத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், கால் வாசல் பக்கம் திரும்பியும்விட்டது. ஆனால் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தபோது மனசு கேட்கவில்லை. ஆளில்லாத வீட்டில் சத்தங்களை எண்ணிக்கொண்டு படுத்திருப்பது எப்படி என்று அவருக்குத் தெரியும்.

பின் விளக்கின் கண்ணாடியைக் கழற்றினார். ஹோல்டர் துருவேறி எர்த் கிடைக்காமல் இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். போதவில்லை. அடுத்தது ஸ்டீயரிங் அடியில் இருக்கும் ஸ்விட்ச். டிரைவர் பக்கம் போக அவருக்குத் தைரியம் வரவில்லை. பக்கத்து சீட்டிலிருந்து எட்டி, காலியான சீட்டுக்குக் குறுக்கே கையை நீட்டித்தான் கழற்ற வேண்டியிருந்தது. நீட்டிய கையில் சூடாக மூச்சுப் பட்டது.

அவர் நிறுத்தவில்லை. கரியைச் சுரண்டினார். ஸ்விட்சை மூடினார்.

சுவரில் இன்னொரு சிவப்பு விழுந்தது.

அம்மாள் பின்னால் போய் நின்றார். இரண்டு விளக்கையும் வெகுநேரம் பார்த்தார்.

"எரியுதுங்க," என்றார். குரல் உடைந்தது. "ரெண்டு பக்கமும் நல்லா எரியுது. விடுங்க."

பெடல் மேலே வந்தது. ஷெட் இருண்டது. சோப்பு மணம் போய்விட்டது. இருட்டில் அந்த அம்மாள் வாய்விட்டு அழுதார். எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சில நாள் கழித்துப் பெண் மறுபடியும் போன் செய்தாள். அம்மா காலையிலேயே வந்து சேர்ந்திருக்க வேண்டுமாம். வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. பக்கத்தில் வேறு யாரையும் தெரியாது, கொஞ்சம் போய்ப் பார்க்க முடியுமா என்றாள்.

போனார். வீடு பூட்டியிருந்தது. ஷெட் திறந்திருந்தது.

பின்சுவர் முழுக்கச் சிவப்பு.

அம்மாள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். வெளியூர் போகிற புடவை, பக்கத்து சீட்டில் பயணப் பை. வலது கால் பிரேக்கில் இருந்தது. கால் வீங்கி, வெகுநேரம் மிதித்தபடியே இருந்ததில் நடுங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் மட்டும் அப்படி ஒரு அமைதி.

"கிளம்பும்போது கடைசியா ஒருதடவை மிதிச்சுப் பார்ப்போமேன்னு உக்காந்தேன்," என்றார். "இன்னும் விடச் சொல்லலை."

எலக்ட்ரீஷியன் கார் கதவைத் திறந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு, நான் சொல்கிறேன், விடுங்கள் அம்மா, பெண் காத்துக்கொண்டிருக்கிறாள் என்றார்.

"நீங்க சொன்னா எப்படி தம்பி? பின்னாடி நிக்கறது அவராச்சே."

எலக்ட்ரீஷியன் திரும்பிப் பின்பக்கம் பார்த்தார். காருக்கும் சுவருக்கும் நடுவில் யாரும் இல்லை.

ஆனால் சுவரின் சிவப்பில் ஒரு நிழல் விழுந்திருந்தது. முழங்காலில் கையூன்றிக் குனிந்து விளக்கைப் பார்க்கிற ஓர் ஆணின் நிழல்.

"அவசரப்படுத்தாதீங்க," என்றார் அம்மாள் தணிந்த குரலில். "அவர் நிதானமாத்தான் பார்ப்பார்."

நிழல் குனிந்தபடியே, இடது விளக்கிலிருந்து வலது விளக்குக்கு மெல்ல நகர்ந்தது.