கனத்துப்போன மவுஸ்

விஜிலா கையை நகர்த்தினாள். திரையில் அம்புக்குறி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது.

உச்சிவெயில் நேரம். ஃப்ளெக்ஸ் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பாட்டுக்குக் கிளம்பிய முதலாளி பால்துரை எட்டிப் பார்த்தார்.

“என்னளா, மவுசு மக்கர் பண்ணுதா?”

“தண்ணிக்குள்ள இழுக்க மாதிரி இருக்கு அண்ணாச்சி.”

“பேட்டரிய மாத்து. கம்ப்யூட்டருக்குப் பின்னால குத்தியிருக்க ரிசீவரை முன்னால குத்து. அதுக்கும் கேக்கலைன்னா, சோத்தைத் தின்னுட்டு வந்து மந்திரிச்சு விடுதேன்.” திரையைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. “இதை நான் செய்யுதேன்னு சொன்னேம்லா தாயி...”

“அவுக முகத்தை வேற யாரும் வெட்ட வேண்டாம் அண்ணாச்சி.”

அவர் ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியேறினார்.

மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிப்போன தோணியோடு அவள் புருசன் கிளைட்டன் காணாமல் போய் வருசம் ஒன்றாகிறது. உடல் ஒதுங்கவில்லை. மாமியார் அழுத அழுகையில் நேற்றுத்தான் விஜிலா அவனுக்கு நினைவுப் பூசை வைக்கச் சரி என்றாள். நாளைக்குக் கோயில் வாசலில் இந்தப் பேனர் நிற்கும். மகள் அனிஷா முதன்முதலாய் நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று மூவரும் சேர்ந்து எடுத்த படத்திலிருந்து அவன் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து வைத்திருந்தாள். அதற்கு மேலே சிலுவையை வைத்துவிட்டால் அவன் செத்தவன். வைக்காதவரைக்கும் கடலில் இருக்கிறவன்.

புதுப் பேட்டரி போட்டாள், மவுசின் அடிவயிற்றில் சிவப்பாய் எரியும் கண்ணை முந்தானையால் துடைத்தாள், கண்ணாடி மேசைமேல் வெள்ளைத்தாள் விரித்தாள், ரிசீவரைப் பிடுங்கி முன்னால் குத்தி, கம்ப்யூட்டரையும் அணைத்துத் திரும்பப் போட்டாள். அம்பு பூவுக்கு ஓடியது, எழுத்துக்கு ஓடியது. சிலுவையை அவன் நெற்றிப்பக்கம் கொண்டுபோனால் மட்டும் கனத்தது. நங்கூரக் கயிற்றை இழுக்கிற கனம்.

மை வாடையையும் மீறி ஈரக்கயிற்று வாடை வந்தது. அழுகின வெங்காய வாடை. மேசைக்கு அடியில், பலகையில் தண்ணீர் மோதுவதுபோல மெல்லிசாய் ஒரு சத்தம்.

அவளுக்குக் கடை மூலையில் கிடக்கும் முக்காலி ஞாபகம் வந்தது. கரையில் இருக்கிற நாளெல்லாம் கிளைட்டன் அதில்தான் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பான். இதே ரிசீவருக்கு ஜோடியாக வந்த இன்னொரு மவுசை மடியில் ஒளித்து வைத்துக்கொண்டு, அவள் வேலை செய்யச் செய்ய அம்பை இழுப்பான். “ஏளா, பேய் இழுக்குது பாரு!” அப்படி ஒரு விளையாட்டுக்காரன். கடைசியாய்ப் போனபோது அந்த மவுசு அவன் சட்டைப்பையிலேயே போய்விட்டது.

விஜிலா கையை எடுத்தாள்.

அம்பு தானாக நகர்ந்து, சிலுவையை அவன் முகத்திலிருந்து ஓரமாய் ஒதுக்கியது.

“ஏங்க... நீங்களா?” அழுகை பொங்கியது. “வைக்கல. வைக்கவே மாட்டேன். எங்கன இருக்கீக?”

பதிலுக்கு அம்பு மூவர் படத்துக்குப் போனது. அவள் முகத்தைச் சுற்றிப் பொறுமையாய்க் கோடு வரைந்தது. வெட்டியது. அவன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது. பிறகு சிலுவையை இழுத்து வந்து இருவருக்கும் நடுவில் நிறுத்தியது.

அவளுக்குப் புரிந்தது. பயம் வரவில்லை. “தனியா இருக்கீகளா, ராசா?” என்றாள். “வாரேன். நான் வாரேன்.”

அம்பு நிற்கவில்லை.

திரும்பவும் அந்தப் படத்துக்குப் போனது. வெள்ளைக் கவுன். கையில் மெழுகுதிரி. முன்பல் விழுந்த சிரிப்பு.

“வேண்டாம். அவ வேண்டாம்ங்க.”

மவுசை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. ரிசீவரைப் பிடுங்கினாள். உள்ளங்கையில் வைத்து மூடினாள். ஈரமாக இருந்தது. கையைப் பிரித்தபோது உப்புத்தண்ணீர் வடிந்தது.

திரையில் அம்பு, அனிஷாவின் கன்னத்தைச் சுற்றிக் கோடு வரைந்துகொண்டிருந்தது. இப்போது கொஞ்சமும் மந்தமில்லாமல்.